அப்பாகிட்ட மிச்சம் இருக்கற வார்த்தை

கோத்தகிரி
16.2.2025

பாசமுள்ள வெற்றி மாமாவுக்கு,

கலைமதி எழுதிக்கறேன். அவலாஞ்சி குளிர்ல எப்படி இருக்கீங்க? ஆனை, காட்டெருமை, ஆபீசர், யாரும் தொந்தரவு பண்ணலையே? இங்க அம்மா, நான், அப்பா எல்லாரும் இருக்கறபடி இருக்கோம்.

மாமா, உக்காந்துட்டுப் படிங்க. கிரே லாரி திரும்ப வர்றாங்க!!! ஆமா, நீங்களும் அப்பாவும் கேசட் தேயத் தேயக் கேட்ட அதே பெங்களூர் பேண்டுதான். பிரிஞ்சு போனவங்க ஒட்டுக்கா சேந்து ஒரே ஒரு டூர். மே மாசக் கடைசியில ஊட்டிக்கு மேல ஒரு பெரிய கிரவுண்டுல ராக் ஃபெஸ்டிவல், அதுல வாசிக்கறாங்க. இன்ஸ்டாவுல போஸ்டர் பாத்ததும் நான் கத்தின கத்துல பக்கத்து ஊட்டு மூக்கம்மா அக்கா பாம்புன்னு நெனச்சுத் தடியோட ஓடி வந்துருச்சு.

அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும் மாமா. அதுக்குத்தான் இந்தக் கடிதாசி. டீ ஃபேக்டரியில பக்கவாதம் வந்து விழுந்து ரெண்டு வருசம் ஆச்சு. வலது கையும் காலும் இன்னும் வரல. பேச்சும் வரல. அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். தண்ணி வேணும்னா ‘ஒன்ஸ்மோர்’. போதும்னா ‘ஒன்ஸ்மோர்’. கொசு கடிச்சாலும் ‘ஒன்ஸ்மோர்’. பிசியோ பண்ண வர்ற ஜெஃப்ரி அண்ணன் இருக்காருல்ல, அவரு மொதல் நாள் அப்பா கையைத் தூக்கி மடக்கினாரு. வலி தாங்காம அப்பா ‘ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்’னு கத்தறாரு. அண்ணன் என்னடான்னா, “சார், என்ன வில் பவர்!”னு மறுபடியும் மறுபடியும் மடக்கறாரு! அம்மா ஓடி வந்து காப்பாத்துச்சு. நாங்க சிரிச்சோம். அப்புறம் அழுதோம்.

ஆனா நான் யூடியூப் பாத்துப் பழகின கிட்டார்ல கிரே லாரி பாட்டு வாசிச்சா மட்டும் அப்பா மூஞ்சி மாறுது. அவங்களை ஒரு தடவை நேர்ல பாத்துட்டாருன்னா ஏதாச்சும் நடக்கும்னு எனக்குத் தோணுது. இன்னொரு வார்த்தை வந்தாலும் வரும்.

ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்க. நாம ரெண்டு பேரும் தாங்கிப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிரலாம். உங்க ஃபாரஸ்ட் கேம்புல டவர் இல்லாததால இன்லாண்ட் வாங்கறேன்; போஸ்ட் ஆபீஸ் அக்கா என்னைக் காட்டுல புடிச்ச பிராணி மாதிரி பாக்குது.

மருமக,
கலைமதி


அவலாஞ்சி கேம்ப்
9.3.2025

அன்பு மருமகள் கலைமதிக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்கால் மட்டும் பனியில் பிடித்துக்கொள்கிறது.

கிரே லாரி பேரைப் படித்ததும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டேன். உன் அப்பனும் நானும் அவர்களைப் பார்க்கப் போன கதை உனக்கு முழுசாகத் தெரியாது. அப்போது ஊட்டி காந்தலில் இருந்தோம். உங்கம்மாவை அவன் இன்னும் கட்டவில்லை. கேரட் லாரியில் ஏறி, மூட்டை மேலே படுத்து, கூடலூர் வழியாக மைசூர், அங்கிருந்து பெங்களூர். டிக்கெட் கிடையாது. மைதானத்துச் சுவரில் ஒரு பக்கம் இடிந்திருந்தது, அதுதான் கேட்டு. மழை பெய்து ஒரே சேறு. முன்பின் தெரியாத ஒருவன் உன் அப்பனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். பெயர்கூடக் கேட்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. எல்லாரும் விசில் அடித்தார்கள். உன் அப்பன் ரவி மட்டும், நம் ஊர் மாரியம்மன் நோன்பி ஆர்கெஸ்ட்ராவில் கத்துவது போல ‘ஒன்ஸ்மோர்!’ என்று கத்தினான். பெங்களூர்ப் பையன்கள் சிரித்தார்கள். “ஏன்டா, கரகாட்டம்னு நெனச்சியா?” என்று ஒருத்தன் தமிழிலேயே கேட்டான். ரவி நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரித்தவனும் கத்தினான். பிறகு மைதானமே கத்தியது. மேளக்காரன் ஏறிப்போன வண்டியிலிருந்து இறங்கி வந்தான். அன்றிலிருந்து அவன் ஒன்ஸ்மோர் ரவி. ஒரு போட்டோ கிடையாது. யாரிடமும் கேமரா இல்லை.

இங்கே காவலுக்கு ஆள் குறைவு. லீவு கேட்டுப் பார்க்கிறேன். அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

வெற்றிச்செல்வன்


கோத்தகிரி
23.3.2025

அன்பு மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சீங்களா? இங்க அப்பாவுக்குச் சளி விட்டுருச்சு. உங்க கடிதாசியை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ‘தோளில் உட்கார வைத்துக்கொண்டான்’னு வந்தப்போ இடது கையை நீட்டித் தாளைத் தொட்டாரு.

இப்பவெல்லாம் இடிஞ்ச சுவர் கிடையாது மாமா! ஆப்ல டிக்கெட், ஆப்ல மூஞ்சி போட்டோ, கையில சிப்பு வெச்ச பட்டை. அந்தப் பட்டையில பணம் ஏத்தினாத்தான் உள்ள தண்ணி. மூணு ஸ்டேஜ். அதுல ஒண்ணு சத்தமே இல்லாத ஸ்டேஜ்! எல்லாரும் காதுல ஹெட்போன் மாட்டிட்டு ஆடுவாங்க. வெளியில இருந்து பாத்தா ஊமைக் கூட்டம் சாமியாடற மாதிரி இருக்கும். போட்டோ எடுக்கறதுக்குன்னே ரெக்கை வரைஞ்ச சுவர் வேற. கிரே லாரிக்குப் பொழுதோட ஆறு மணிதான் குடுத்திருக்காங்க. கடைசி ஷோ யாரோ ஒரு டீஜேவுக்கு. அதுக்குக் கமெண்ட்ல நான் போட்ட சண்டை இருக்கே, என்னை மூணு பேரு பிளாக் பண்ணிட்டாங்க.

ஆனா நல்லது ஒண்ணு சொல்றேன். வீல்சேருக்குன்னு தனி மேடை கட்டறாங்க, கூட ஒருத்தர் நிக்கலாம். ஒருத்தர்தான். நான் நிக்கறதை விட நீங்க நின்னாத்தான் சரி. நான் கூட்டத்துல தனி டிக்கெட் எடுத்துக்கறேன். பேரு குடுக்கணும், சீக்கிரம் எழுதுங்க. மாமா, நான் கேட்டா அம்மா திட்டும், ஆனாலும் கேக்கறேன். அப்பா விழுந்ததுல இருந்து நீங்க ஊட்டுக்கு வரவே இல்ல. எங்க மேல கோவமுங்களா?

பதிலுக்குக் காத்துட்டு இருக்கற
கலைமதி


அவலாஞ்சி கேம்ப்
4.5.2025

அன்பு மருமகளுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. கோடை மழை தொடங்கியிருக்கிறது. டேம் பக்கம் சுற்றுலா வண்டிகள் அதிகம். லீவு கிடைக்கவில்லை.

எமரால்டு வரை போகும் ஜீப்பில் கம்பளித் தொப்பி ஒன்றும், பெரிய மழைக்கோட்டு ஒன்றும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கோட்டு உன் அப்பனுக்கு. சக்கர நாற்காலியையும் சேர்த்து மூடும். கூட நீயே நில். என் பெயர் கொடுக்க வேண்டாம்.

கோபமெல்லாம் இல்லை சாமி.

வெற்றிச்செல்வன்


கோத்தகிரி
27.5.2025

மாமாஆஆஆ,

சுகமா? நாங்க சுகமோ சுகம். எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல!

பக்கத்துத் தெரு ஒச்சப்பன் அண்ணனோட ஆம்னி வேன்ல போனோம். நீங்க குடுத்த கோட்டை அப்பாவுக்குப் போட்டு விட்டேன், ராஜா மாதிரி இருந்தாரு. கிரே லாரி வந்தாங்க. பாட்டுக்காரருக்கு முடியெல்லாம் போயிருச்சு, மேளக்காரருக்குத் தொப்பை. ஆனா மொத அடி விழுந்ததும் அந்த வீல்சேர் மேடைப் பலகையே எங்க காலுக்குக் கீழ நடுங்குச்சு. நான் அழுதுட்டேன். முன்னாடி ஆயிரக்கணக்குல போன், எல்லாரும் போன் வழியாத்தான் பாக்கறாங்க. போனாப் போகுதுன்னு நானும் எடுத்தேன்.

கடைசிப் பாட்டு முடிஞ்சு, அவங்க கும்பிட்டுட்டுத் திரும்பறாங்க. யாரும் கத்தல. அடுத்த ஸ்டேஜுக்குக் கூட்டம் நகருது. அப்ப என் பக்கத்துல இருந்து, “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” அப்பா! அவ்ளோ சத்தம் அவருகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. கேமராக்காரர் அப்படியே திருப்பினாரு. பெரிய ஸ்கிரீன் பூரா அப்பா மூஞ்சி மாமா! கூட்டம் நின்னுச்சு. ஒரு மூலையில ஆரம்பிச்சு மொத்தக் கிரவுண்டும் ‘ஒன்ஸ்மோர்’னு கத்துச்சு. பாட்டுக்காரர் திரும்பி வந்து மைக்ல, “இப்படி எங்களைக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு”ன்னு சொல்லிட்டு மறுபடியும் வாசிச்சாங்க. அப்பா கண்ணுல தண்ணி ஊத்துது. சுத்தி எல்லாரும் கை தட்டறாங்க.

ஃபெஸ்டிவல் பேஜ்ல அதை ரீலாப் போட்டாங்க. என் அக்கவுண்டையும் சேத்துக்கறோம், வீடியோவைப் பயன்படுத்திக்கலாமான்னு கேட்டாங்க, ஓகே குடுத்துட்டேன். லட்சக்கணக்குல பாத்துட்டாங்க! ‘லெஜண்ட் அங்கிள்’னு கமெண்ட். நீங்க இருந்திருக்கணும்.

துள்ளிக் குதிக்கற
கலைமதி


அவலாஞ்சி கேம்ப்
15.6.2025

அன்பு மருமகளுக்கு,

மாமா நலமே. மழை பிடித்துக்கொண்டது. சாமான் வாங்க எமரால்டு போனபோது டீக்கடைப் பையன்கள் ஒரு வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் ரவி. “அது என் மச்சான்டா” என்றேன். நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன். அவன் விழுந்த பிறகு அவனை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவனுக்கு ஒண்ணுக்கு வந்திருந்ததா?

கோட்டு விலகிக் கால் தெரிகிற இடம் ஒன்று வருகிறது. நல்ல காலைக் கெட்ட கால் மேல் போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறான். கேரட் லாரியில் திரும்பி வரும்போது டிரைவர் வண்டியை நிறுத்தவே இல்லை. கூடலூர் வரை அவன் அப்படித்தான் உட்கார்ந்து வந்தான்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வெற்றிச்செல்வன்


கோத்தகிரி
22.6.2025

மாமாவுக்கு,

உடம்பைப் பாத்துக்கோங்க. இங்க அப்பா சாப்பிடறாரு, தூங்கறாரு.

ஆமா மாமா. கோட்டுக்குள்ள எல்லாம் நனைஞ்சிருந்துச்சு. வேன்ல ஏத்தும்போதுதான் பாத்தேன். மழைத்தண்ணின்னு ஒச்சப்பன் அண்ணன்கிட்ட சொன்னேன். அன்னைக்கு மழையே பெய்யல.

அப்பா கேட்டுலயே ‘ஒன்ஸ்மோர்’னு ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பட்டையைக் கையில கட்டினப்போ ஒரே ரகளை. ஆஸ்பத்திரியில கட்டுவாங்கல்ல, அதே மாதிரி இருந்துச்சு. அப்புறம் பாட்டுக்கு நடுவுல நெறைய தடவை சொன்னாரு. நான் பாட்டு புடிச்சுப் போய் சொல்றாருன்னு நெனச்சேன். ஒரு தடவை சந்தேகமா இருந்துச்சு, வாலண்டியர் பொண்ணைக் கூப்பிட்டேன். “ரெண்டே நிமிசம் அக்கா, ஆர்ட்டிஸ்ட் போற வழி, இப்ப இறக்க முடியாது”ன்னுச்சு. நானும் சரின்னுட்டேன். எனக்கும் அந்தப் பாட்டை விட மனசில்ல. ஸ்கிரீன்ல அப்பா மூஞ்சி வந்தப்போ நான் கேமராவைப் பாத்துக் கையாட்டினேன் மாமா. வீடியோவுல இருக்கும், பாத்திருப்பீங்க.

ஆனா அவரு அழுதாரே, அது எதுக்கு? பாட்டுக்கா? அடக்க முடியலைன்னா? ரெண்டும் சேந்துமா? நான் தினமும் அதைப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், தெரியல.

இன்னொண்ணு. நவம்பர்ல பெங்களூர்ல இந்த ஃபெஸ்டிவல்காரங்களே பெருசா நடத்தறாங்க. அப்பாவை மேடையில ஏத்தி, அந்த வார்த்தையைச் சொல்ல வெச்சு ஷோவை ஆரம்பிக்கணுமாம். ரேகான்னு ஒரு மேடம்தான் பேசறாங்க, நல்ல மாதிரிதான். வீடியோ கால்ல அப்பாவையே நேராக் கேட்டாங்க, “அங்கிள், பெங்களூர் வர்றீங்களா?” அப்பா என்ன சொல்லுவாரு? “ஒன்ஸ்மோர்”னாரு. அந்தப் பக்கம் எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க. அப்பா சம்மதிச்சுட்டாருன்னு மெயிலும் வந்துருச்சு.

நீங்க வாங்க மாமா. அவரு காலைப் பாத்தே நீங்க கண்டுபுடிச்சீங்க. போகணும்னு சொல்றாரா, வேண்டாம்னு சொல்றாரான்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கலைமதி


கோத்தகிரி
27.7.2025

மாமாவுக்கு,

அங்க மழை பலமாம், நியூஸ்ல அவலாஞ்சி பேரு தினமும் வருது. நல்லா இருக்கீங்களா? போன கடிதாசி வந்துச்சுங்களா?

‘ஒன்ஸ்மோர்’னு தமிழ்ல அடிச்ச டீசர்ட் விக்கறாங்க. எங்களுக்கு மூணு அனுப்பினாங்க. அம்மா ஒண்ணை அப்பாவுக்குப் போட்டு விட்டுச்சு. “ரெண்டு வருசமா அந்த மனுசனை ஆரும் எட்டிப் பாக்கல. இப்ப ஊரே பேசுது, பேசட்டுமே”ங்குது. அம்மாவையும் குத்தம் சொல்ல முடியல. ஆனா அப்பாகிட்ட நான் எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்றாரு, மாமா. நெஞ்சுல எழுதியிருக்கறதையே வாயிலயும் சொல்றாரு.

சீக்கிரம் வாங்க.

கலைமதி


அவலாஞ்சி கேம்ப்
2.9.2025

அன்பு மருமகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன், பயப்பட வேண்டாம். மண் சரிந்து ரோடு போய்விட்டது. உன் இரண்டு கடிதங்களும் ஒட்டுக்கா நேற்றுத்தான் வந்தன.

உங்கம்மா சொன்னது சரிதான். எட்டிப் பார்க்காதவர்களில் நான்தான் முதல் ஆள். லீவு கேட்கவே இல்லை. அவன் விழுந்த செய்தி வந்த அன்றே கிளம்பி, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் கடிதத்தில் ‘உங்களுக்கு மட்டும்தான் தெரியும்’ என்று எழுதியிருக்கிறாய். அங்கே வந்து, அவன் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லி, எனக்கும் புரியாமல் போனால்? வராமல் இருக்கிறவரை அவன் பேசுவது எனக்காவது புரியும் என்று அவனும் நினைத்துக்கொண்டிருப்பான், நானும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ரோடு திறந்ததும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

வெற்றிச்செல்வன்


எமரால்டு
15.9.2025

கண்ணு கலைமதி,

கேம்புக்குப் போகிற ஜீப் வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நீயும் அம்மாவும் வெளியே போய் எங்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டீர்கள். என்ன பேசினோம் என்று நீ கேட்டபோது ‘சும்மாதான்’ என்றேன்.

“பெங்களூர் போறியா மச்சான்?” என்றேன். ஒன்ஸ்மோர் என்றான். “வேண்டாமா?” ஒன்ஸ்மோர். “வலிக்குதா?” ஒன்ஸ்மோர். “நான் ஆருன்னு தெரியுதாடா?” அதற்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரிதான் சொன்னான். அது மட்டும் எனக்குத் தெரிந்தது. எது எதுவென்று தெரியவில்லை. அவன் கோபப்பட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “புரியுது, புரியுது” என்று பொய் சொன்னேன். பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

எனக்குத் தெரியவில்லை சாமி. நீயும் அம்மாவும் என்ன முடிவு எடுத்தாலும் சரி.

வெற்றி மாமா


கோத்தகிரி
30.11.2025

அன்பு மாமாவுக்கு,

பனி ஆரம்பிச்சுருச்சு, தொப்பி போட்டுக்கோங்க. அப்பா பரவால்ல, கொஞ்சம் இளைச்சுட்டாரு.

நாங்க வரலைன்னு சொல்லிட்டோம். எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா பயந்துட்டு இருந்தேன். அப்பா சம்மதிச்சதையே நாங்க மறுக்கறோம்னு கேப்பாங்க, சண்டை வரும்னு நெனச்சேன். ரேகா மேடம் சிரிச்சுட்டே, “ஒண்ணும் பிரச்சினை இல்லைம்மா, அங்கிள் வரணும்னு அவசியமில்ல, கிளிப் இருக்கே”ன்னாங்க. மே மாசம் நான் ஓகே குடுத்தேன்ல, அதுலயே எல்லாம் அடக்கமாம். எடுத்துருங்கன்னு கேட்டேன். மெயில் போடச் சொன்னாங்க. போட்டேன். உங்க கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு.

நேத்து பொழுதோட பெங்களூர்ல இருந்து லைவ். நான் போடக்கூடாதுன்னுதான் இருந்தேன். மூக்கம்மா அக்கா, “நம்ம அண்ணன் வருதாம்ல!”னு பேரன் போனைத் தூக்கிட்டு வந்து, அப்பா முன்னாடி டம்ளர்ல சாய்ச்சு வெச்சுருச்சு. விளக்கெல்லாம் அணைஞ்சுது. ஒரு நிமிசம் இருட்டு. அப்புறம் அந்த இருட்டுல இருந்து அப்பா குரல். அவ்ளோ பெரிய ஸ்பீக்கர்ல. கூட்டம் திருப்பிக் கத்துச்சு. மறுபடியும் குரல், மறுபடியும் கூட்டம். அதை மேளத்தோட சேத்து ஒரு பீட்டாவே பண்ணிட்டாங்க மாமா. ஆடறாங்க.

அப்பா மொதல்ல என்னைப் பாத்தாரு, ஆரு அதுன்னு கேக்கற மாதிரி. அப்புறம் ஸ்கிரீன்ல அவரு மூஞ்சி வந்துச்சு. ரொம்ப நேரம் பாத்தாரு. அம்மா வாயில துணியை வெச்சுட்டு நிக்குது. மூக்கம்மா அக்கா மட்டும், “பாருங்கண்ணா, எத்தனை சனம்!”னு சொல்லிட்டே இருக்கு. அப்பா இடது கையை மெதுவா நீட்டி, போனைக் கவுத்துப் போட்டாரு.

மேசை மேல கவுந்து கெடந்த போனுக்கு அடியில இருந்து அப்பா கத்திட்டே இருந்தாரு. நாற்காலியில இருந்த அப்பா வாயை இறுக்கி மூடிட்டு உக்காந்திருந்தாரு.

கலைமதி